மூன்றாம் துக்கக்காரனின் கோட்டு

தைக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. கோட்டை மேசைமேல் மடித்துப் போடுகிறவர்கள் ஒரு வகை. மடித்தால் தோள் கெட்டுப்போகும் என்று ஹேங்கரில் மாட்டுகிறவர்கள் இன்னொரு வகை. அவள் இரண்டாவது வகை. முதல் வகையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் தன் கணவரின் சாம்பல் நிறக் கோட்டை ஒரு பையில் வைத்து, தான் தையல் வேலை பார்க்கும் நாடகக் கம்பெனிக்குக் கொண்டுவந்திருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் அவளே வெட்டி, அவளே தைத்தது. பதினான்கு மாதம் வேலையில்லாமல் இருந்ததில் மனிதர் இளைத்துவிட்டார், கோட்டு இளைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்கு ஒரு நேர்காணல். குழாய் விற்கும் கம்பெனியில் அலுவலக வேலை. வந்த கடிதத்தில் ‘கோட்டு அணிந்து வரவும்’ என்று தனி வரியாகவே போட்டிருந்தார்கள். குழாய்க்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் பிடித்துவிட்டால் போதும் என்று அவள் கணக்குப் போட்டாள். வீட்டில் மிஷின் கிடையாது. கம்பெனியின் உடைப் பிரிவில் பதினாறு இருந்தன.

பையிலிருந்து எடுத்தபோது கோட்டு கசங்கியிருந்தது. அவள் கை தானாகப் போய் ஒரு ஹேங்கரை எடுத்தது. கோட்டை மாட்டித் தன் மேசைக்குப் பின்னால் இருந்த கம்பியில் தொங்கவிட்டாள். கை கழுவப் போனாள். நாலு நிமிஷம்.

அந்த நாலு நிமிஷத்தில் இருப்பெடுப்பு வந்துவிட்டது.

உடைப் பிரிவில் வருடத்துக்கு ஒருமுறை இருப்பெடுப்பார்கள், அதாவது உள்ளதை எல்லாம் எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் உடைகள் உஷாராகிவிடும் என்பது பிரிவின் தலைவியான மேடத்தின் கருத்து. அன்றைக்கு ஹேங்கரில் தொங்குவது எதுவானாலும் உடை. கிடங்குக்காரர் ஏணியும் ஊசியுமாக வருவார். தொங்குகிறவற்றின் கழுத்துக்குள் ஒரு வெள்ளைப் பட்டையைத் தைப்பார். பட்டையில் எண் இருக்கும். எண் வந்த பிறகு அது கம்பெனியின் சொத்து. கிடங்குக்காரரின் சொந்த மழைச்சட்டைக்கே மூன்று வருடமாக எண் உண்டு, மழை நாளில் அவர் நனைந்துகொண்டுதான் வீட்டுக்குப் போகிறார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அவள் ஈரக் கையோடு திரும்பி வந்தபோது கணவரின் கோட்டுக்குள் 4417 என்று தைத்திருந்தது. அவசரத் தையல், நூல் முடிச்சுகூடச் சரியாக விழவில்லை. முதலில் அவளுக்கு உறுத்தியது அந்த முடிச்சுதான். விஷயம் புரிந்தது அதற்குப் பிறகுதான்.

கிடங்குக்காரர் இரண்டு கம்பி தள்ளி நின்று ஒரு சேவகனின் மேலங்கிக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அது எங்க வீட்டுக்காரரோட கோட்டு.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தார். “இல்லையே. மூன்றாம் துக்கக்காரனோடதுன்னு போட்டிருக்கேன்.”

“யாருண்ணே அது?”

“சாம்பல் நிறம், ஆம்பளை, நடு வயசு. வேற யாரா இருக்க முடியும்? சாவு வீட்டுக் காட்சியில வந்து நிக்கிறவன்தான். ஒண்ணாவது துக்கக்காரனுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் ஏற்கெனவே உடை இருக்கு. அப்ப இது மூணாவது ஆளோடது.”

“நானே தச்சதுண்ணே. எங்க வீட்டுல உட்கார்ந்து தச்சேன். இந்தக் கை மடிப்பைப் பாருங்க, இந்தக் காஜாவைப் பாருங்க. எல்லாம் என் கைத்தையல்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பொத்தான் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் தைத்துக்கொண்டிருந்த வேறொரு சட்டையை வாங்கி ஒப்பிட்டார். “ஆமா. உன் கைதான். சந்தேகமே இல்ல.”

அவளுக்கு மூச்சு வந்தது.

அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வாசித்தார். “தைத்தவர், ஏழாம் மேசை. இப்பிரிவின் தயாரிப்பே என்பது உறுதி செய்யப்பட்டது.” பேனாவை மூடினார். “உண்மையைச் சொல்லணும்னா இதுவரைக்கும் எனக்கே ஒரு சின்ன சந்தேகம் இருந்தது. நல்லவேளை, நீயே வந்து தீர்த்து வச்ச.”

ஏழாம் மேசை என்றால் அவள்தான். மூன்று வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கிறாள். தற்காலிகமானவர்களுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை. எட்டாம் மேசையில் பொத்தான் துளை தைப்பதற்கென்றே ஒரு அம்மாள் இருந்தாள். அவளை மட்டும் எல்லோரும் காஜா அக்கா என்பார்கள். காஜா அக்கா பல்லில் நூலைக் கடித்தபடியே சொன்னாள். “நீ எதுக்குடி போய் வாயைத் திறந்த? இங்க வாயைத் திறந்தா அதுக்கும் ஒரு நம்பர் போடுவாங்க.”

அன்று சாயங்காலம் வாசலில் வழக்கம்போல் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு அவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். கணவர் முழுக் கதையையும் கேட்டார். சிரித்தார்.

“அட, வேலை கிடைக்கலைன்னாலும் என் கோட்டுக்குக் கிடைச்சிருச்சே.”

“உங்க அண்ணன்கிட்ட ஒரு கோட்டு இருக்கே, கேட்டுப் பாக்கலாமா?”

“அவன் கோட்டுக்குள்ள நான் ஒருத்தன் பத்தாது. துணைக்கு இன்னொரு ஆளையும் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு பேரையும் வேலைக்கு எடுத்துக்கன்னு சொல்றதா?”

அவரிடம் வேலை இருந்த காலத்தில் இத்தனை வேடிக்கைப் பேச்சு இருந்ததில்லை. வேலை போன முதல் மாதம் கோபம் இருந்தது. நாலாம் மாதம் தூக்கம் இருந்தது. இப்போது பேச்சுக்குப் பேச்சு வேடிக்கை. சிரிப்பு முடிந்ததும் அந்த முகம் திரும்பி வருவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்ததை அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேர்காணல் கைவிட்டால் அடுத்து அந்த முகத்தில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை.

புதன்கிழமை மேடத்தைப் பார்த்தாள். மேடத்தின் அறையில் நாற்காலிகளுக்குப் பதில் உடைகள் போட்ட மரப்பொம்மைகள் இருந்தன. வருகிறவர்கள் நின்றுதான் பேச வேண்டும். மேடம் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பதில் அவருக்குப் பேர் உண்டு.

“பாரும்மா, முப்பது வருஷமா இந்தப் பிரிவை நடத்துறேன். இதுவரைக்கும் ஒரு உடை வெளிய போனதில்ல. சிலது மேடைக்கே போனதில்ல. மேடைக்குப் போனா என்னாகும்? வேர்வை படும். வெளிச்சத்துல வெளுக்கும். இந்த நடிகருங்க அழுதுட்டு மூக்கை எதுல துடைக்கிறாங்கன்னு நினைக்கிற? நாடகம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். உடை இருக்கணும்.”

“எனக்கு ஒரு நாளைக்கு மட்டும் போதும் மேடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே கொண்டுவந்து மாட்டிடறேன்.”

“போன மாசம் ராணி வேஷம் போட்ட பொண்ணு வந்து நின்னா. குளிருது மேடம், ஒரு சால்வை கொடுங்கன்னா. கொடுத்தேனா? ராணிக்குக் குளிராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காய்ச்சலோட நடிச்சா. அன்னைக்கு அப்படி ஒரு கைதட்டல். ஒரு ஆளுக்காக விதியைத் தளர்த்தியிருந்தா அந்தக் கைதட்டல் கிடைச்சிருக்குமா?”

மேடம் சொன்னது பொய்யில்லை. அந்தப் பிரிவில் நடிகர்களைச் சேர்ந்த நாளன்று ஒருமுறை அளவெடுப்பார்கள். அதோடு சரி. மனிதர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவர்கள் பின்னால் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பது கொள்கை. கதாநாயகருக்கு அளவெடுத்துப் பத்தொன்பது வருடமாகிறது. அன்றைய இடுப்புக்குத் தைத்ததை இன்றைய இடுப்பில் மாட்டிக்கொண்டு அவர் வயிற்றை எக்கியே நடிக்கிறார். பத்திரிகைகள் அதை ‘உள்ளுக்குள் அடக்கிய கோபம்’ என்று பாராட்டி எழுதுகின்றன.

அந்த நேரத்தில் கிடங்குக்காரர் உள்ளே வந்து ஒரு சிக்கலைச் சொன்னார். ஒத்திகை நடந்துகொண்டிருக்கும் நாடகத்தில் இரண்டு துக்கக்காரர்கள்தான் இருந்தார்கள். மூன்றாம் துக்கக்காரன் என்று ஒரு ஆளே இல்லை.

அவளுக்கு வெளிச்சம் தெரிந்தது. “அப்ப அந்தக் கோட்டு யாருக்கும் தேவையில்லதானே மேடம்?”

“உடை இருக்கும்போது ஆள் எப்படி இல்லாமப் போவான்?” மேடம் இயக்குநரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இயக்குநர் மெலிந்த மனிதர். ஏற்கெனவே ஒருமுறை, ஒரு கரடித்தோல் இருப்பில் வந்துவிட்ட காரணத்தால், குடும்ப நாடகம் ஒன்றில் கரடியைச் சேர்க்க வேண்டி வந்தவர். அவர் எதிர்வாதம் பேசவில்லை. “மூணாவதா ஒருத்தர் வந்து நிக்கட்டும். சாவு வீடுதானே, யாரு எண்ணப் போறாங்க,” என்றார். குரலில் ஒரு துக்கம் இருந்தது.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். “நான் கல்நெஞ்சக்காரி இல்லம்மா. விதியில ஒரு இடம் இருக்கு. உடை உடம்போட பழகணும்னு, நடிகர் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். உன் வீட்டுக்காரர் நாளைக்குத் தேர்வுக்கு வரட்டும். மூன்றாம் துக்கக்காரனா தேறிட்டார்னா நாளைச் சாயங்காலமே கோட்டைக் கொண்டுபோகட்டும்.”

அந்த ராத்திரி சாப்பிடும்போது அவள் கணவருக்கு விஷயத்தைச் சொன்னாள். “சும்மா நின்னாப் போதுமாம். வசனம் கிடையாது.”

“சும்மா நிக்கிறதா? அதுல எனக்குப் பதினாலு மாச அனுபவம் இருக்கே,” என்றார்.

வியாழக்கிழமை ஒத்திகைக் கூடத்தில் ஒரு மேசை போட்டு இயக்குநரும் மேடமும் கிடங்குக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஹேங்கரில் கோட்டு. அவள் வாசல் ஓரமாக நின்றாள். கணவர் சலவைச் சட்டையோடு நடுவில் போய் நின்றார்.

“ஒருத்தர் செத்துட்டார். நீங்க வந்திருக்கீங்க. அவ்வளவுதான்,” என்றார் இயக்குநர்.

அவர் நின்றார்.

கைகள் தொங்கின. கண் எதிர்ச் சுவரில், ஒரு ஆள் உயரத்துக்கு மேல், ஏதோ ஒரு இடத்தில் போய் நின்றது. அவளுக்கு அந்த நிற்பு தெரியும். வீட்டில் ஜன்னலோரம் பகல் பத்தரை மணிக்கு அவர் அப்படித்தான் நிற்பார். இத்தனை நாளும், தெருவில் போகிற பஸ்களைப் பார்க்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். இன்றைக்குச் சுவரில் பஸ் எதுவும் இல்லை. இதற்குப் பேர் துக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு நாடகக் கம்பெனி தேவைப்பட்டிருக்கிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். “ஒண்ணுமே பண்ணலையே இவரு.”

“நிஜமாத்தான் தெரியுது,” என்றார் கிடங்குக்காரர், கொஞ்சம் சங்கடமாக.

“நிஜமா இருந்து என்ன? பின்வரிசைக்குப் போய்ச் சேரணும்ல. முன்வரிசையில உட்கார்ந்திருக்கிறவனுக்கே ஏதோ யோசனையில இருக்காருன்னுதான் படும். ஐயா, நெஞ்சுல கை வைங்க பாப்போம்.”

அவர் நெஞ்சில் கை வைத்தார். தன்னிடம் பேனா இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

மேடம் அளவு நாடாவோடு எழுந்து வந்தார். மார்பைச் சுற்றிப் பிடித்தார். “முப்பத்தாறு. கோட்டு முப்பத்தெட்டு. ஆள் ரெண்டு அங்குலம் குறையறாரு.” கிடங்குக்காரர் பதிவேட்டில் ‘நடிகரிடம் குறைபாடு: இரண்டு அங்குலம்’ என்று எழுதினார். மேடம் நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவள் பக்கம் பார்த்து, அன்பாகவே சொன்னார். “இப்பப் புரியுதா? இது இவரோட கோட்டே இல்லம்மா. இவருக்கு இது சேரவே இல்ல பாரு. நீ ஏதோ குழம்பியிருக்க.”

கணவர் படியிறங்கும்போது, “துக்கப்படக்கூட லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இதை நாளைக்கு நேர்காணல்ல காட்டினா, எப்பவும் சந்தோஷமா இருக்கிற ஆளுன்னு எடுத்துக்குவாங்க,” என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அது புதிதாக இருந்தது.

அவள் திரும்பிப் போனபோது கம்பியில் கோட்டு இல்லை. பழசாக்கும் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள் காஜா அக்கா.

பழசாக்கும் பகுதி கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. புதுத் துணியில் தைத்த உடையைப் பத்து வருடம் உழைத்த உடை மாதிரி ஆக்குவது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அழுக்கண்ணன் என்பார்கள். அப்பழுக்கில்லாத வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். சுவரில் தேங்காய்த் துருவி, உப்புத்தாள், கம்பி பிரஷ், ஓர் அடுப்பில் கொதிக்கும் தேயிலைத் தண்ணீர். அவர் கோட்டை மடியில் வைத்துக் குழந்தையைப் போலத் தடவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அதை ஒண்ணும் பண்ணிடாதீங்க,” என்றாள்.

“பயப்படாதம்மா, என் கைக்கு வந்த உடை கெட்டுப்போனதில்ல. அதாவது, ஒழுங்காத்தான் கெட்டுப்போகும். உட்காரு. முழங்கையில துருவி. காலர்ல மெழுகு தேச்சு அது மேல சாம்பல். பையில ஈரக் கல்லைப் போட்டு ஒரு ராத்திரி தொங்கவிட்டா தொங்கிப்போயிரும் பாரு, பட்டினி கிடந்தவன் கன்னம் மாதிரி. எந்தக் கோட்டையும் எங்கிட்டக் கொடு. நாப்பது நிமிஷத்துல ஏழையாக்கித் தர்றேன்.”

தன் வீட்டுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அழுக்கண்ணன் கோட்டின் முழங்கையை விளக்குக்குக் கீழே பிடித்தார். முகம் மாறியது. “ஆனா இதை யாரோ ஏற்கெனவே தொட்டிருக்காங்க. இங்க பாரு, தேய்ஞ்சு பளபளன்னு இருக்கு. மேசை விளிம்புல கை ஊன்றியே தேய்ஞ்ச மாதிரி. உள்பக்கம் நூல் கொடுத்து இழுத்திருக்காங்க, வெளியில தெரியவே தெரியாது. யாரு வேலை இது? என்னால இவ்வளவு நல்லாப் பண்ண முடியாது.” கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா என் அனுமதியில்லாமப் பழசானதை நான் ஏத்துக்க முடியாது. முறைன்னு ஒண்ணு இருக்கு. முதல்ல இதைப் புதுசாக்கிக் கொடுக்கணும். அப்பறம்தான் நான் பழசாக்குவேன்.”

அவர் ஒரு சீட்டு எழுதினார். ‘4417. புதியதாக்கி அனுப்பவும். ஏழாம் மேசை. வெள்ளி காலை ஒன்பது மணிக்குள்.’

இப்படித்தான் வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நேர்காணலுக்கு மூன்றரை மணி நேரம் இருக்கும்போது, கம்பெனியே அந்தக் கோட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தது. ஒத்திகை நாள் என்பதால் எல்லோரும் சீக்கிரம் வந்திருந்தார்கள்.

கையில் கோட்டு இருக்கிறது. வாசலில் வாசல்காரர் இருக்கிறார். சட்டையாகவோ கோட்டாகவோ தொப்பியாகவோ எந்த உருவத்தில் எது வெளியே போனாலும் அவர் விடமாட்டார். உள்ளே போட்டுக்கொண்டு போகப் பார்த்த ஒருத்தி அன்றைக்கே வேலையை விட்டுப் போனாள். இந்த வேலையும் போனால் வீட்டில் சம்பளம் என்று ஒன்று இருக்காது.

“என்ன பண்ணப் போற?” என்றாள் காஜா அக்கா.

“தெரியலக்கா.”

காஜா அக்கா ஊசியில் நூல் கோத்தாள். ஒரு பொத்தான் துளையை முழுசாகத் தைத்து முடித்தாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். “எட்டு மணிக்கு வெட்டுத்துணி மூட்டையை வெளிய கொண்டுபோய்க் கொட்டணும். இன்னைக்கு என் முறை. எனக்கு முட்டி வலி. யாராச்சும் கொண்டுபோனா புண்ணியமா இருக்கும்.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“தரையில விழுந்து கிடக்கிறது கழிவுடி. அதுக்கு நம்பர் கிடையாது. உருவமும் கிடையாது.”

அவள் கத்தியை எடுத்தாள். நூல் பிரிக்கிற சின்னக் கத்தி. காலரில் ஆரம்பித்தாள். 4417 பட்டையை எடுத்து வெறும் ஹேங்கரில் கட்டினாள். கைகளைப் பிரித்தாள். தோள் பஞ்சைப் பிரித்தாள். தன் தையலைத் தானே பிரிப்பது சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. எட்டு வருடத்துக்கு முன் அவள் எதையும் அவிழ்வதற்காகத் தைக்கவில்லை. பக்கத் தையலைப் பிரித்தபோது உள்ளே மடித்துவிட்டிருந்த துணி வெளியே வந்தது. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம். கல்யாணமான புதிதில், நன்றாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் பருமனாவார், அப்போது பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று விட்டு வைத்த துணி. வெயிலும் படவில்லை, தேயவும் இல்லை. அந்தக் கோட்டின் நிஜமான நிறம் அதில்தான் இருந்தது. அவள் ஒரு கணம் அதன்மேல் விரலை வைத்தாள். பிறகு அடுத்த தையலுக்குப் போனாள்.

பொத்தான்களையும் ஊசி நூலையும் பென்சிலையும் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வெட்டுத்துணி மூட்டையின் அடியில் திணித்தாள். துண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. பதினாறு துண்டு. அவற்றையும் அள்ளி மூட்டைக்குள் போட்டாள்.

எட்டு மணிக்குக் கிடங்குக்காரர் காலைச் சரிபார்ப்புக்கு வந்தார். அவளுடைய கம்பிக்கு எதிரில் நின்றார். வெறும் ஹேங்கர். அதில் பட்டை. அவர் பட்டையைப் புரட்டி எண்ணைப் படித்தார். பதிவேட்டில் 4417-க்கு எதிராக ‘இருக்கிறது’ என்று எழுதினார். அடுத்த கம்பிக்குப் போனார்.

வாசல்காரர் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். மேலாக இருந்த சிவப்பு, மஞ்சள் துணுக்குகளைத் தள்ளினார். சாம்பல் நிறத்தில் கை போட்டார்.

“நல்ல துணியா இருக்கே. இதையா கொட்டுற?”

“வெட்டுத்துணிண்ணே. எல்லாம் கோணலும் மாணலுமா.”

“சைக்கிள் துடைக்க ஒண்ணு எடுத்துக்கறேன்.” அவர் இழுத்தது வலது முன்பாகம். பையோடு சேர்ந்தது.

“அது உறுத்தும்ணே. சைக்கிள்ல கோடு விழுந்துரும்.” அவள் கை மூட்டைக்குள் போய் லைனிங் துணியைத் தேடி எடுத்தது. முதுகுப் பக்கத்து லைனிங், முழுசாக, வழுவழுவென்று. “இதைக் கொண்டுபோங்க. மெத்துனு இருக்கும்.”

“இது தண்ணியை இழுக்காதே.”

“பளபளன்னு ஆக்கும்ணே.”

அவர் அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். தோளில் போட்டுக்கொண்டார். “சரி, போ.”

குப்பைத் தொட்டியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் கணவர் கையில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு இங்கே இருங்கள் என்று மட்டும், கத்தியை எடுக்கும் முன், அவள் போன் செய்து சொல்லியிருந்தாள். மூட்டையைப் பெஞ்சில் கொட்டியதும் அவர் துண்டுகளைப் பார்த்தார். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

“எந்திரிச்சு நில்லுங்க. அசையாதீங்க.”

நீளமான வெள்ளை நூல் கோத்து அவள் அவர் மேலேயே கோட்டைக் கட்ட ஆரம்பித்தாள். ஓட்டுத் தையல்தான், துணியைத் துணியோடு நிறுத்தி வைக்க மட்டும் ஆகும், இழுத்தால் வந்துவிடும். முதுகின் இரண்டு பாகம், பக்கங்கள், முன்பாகம். இந்த முறை முப்பத்தாறுக்குப் பிடித்தாள். பஸ் வந்து நின்றது, நாலு பேர் இறங்கிப் பார்த்தார்கள், பஸ் போனது. ஒரு பெண் இவர்களைத் தாண்டிப் போகும்போது தன் குழந்தையின் முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முழங்காலிட்டுக் கீழ் ஓரத்தை மடித்தாள். அவருடைய கால்சட்டை மடிப்பு கத்திமுனை மாதிரி இருந்தது. விடியற்காலையில் அவரே இஸ்திரி போட்டிருக்கிறார்.

“குத்துதா?”

“இல்ல.” கொஞ்சம் பொறுத்து, “வேலை கிடைக்கலைன்னா,” என்று ஆரம்பித்தார்.

“இப்பப் பேசாதீங்க. கைல ஊசி இருக்கு.”

கை இரண்டையும் தோளில் சேர்த்தபோது ஒன்பதரை. பொத்தான்களில் இரண்டைத்தான் வைக்க முடிந்தது. மூன்றாவதை அதன் இடத்தில் ஒரு முடிச்சில் நிறுத்தினாள். வெள்ளை நூல் தெரிந்த இடங்களில் துணியில் குறி போடும் கரிப் பென்சிலால் தேய்த்தாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

சேர்ந்தது. இந்த எட்டு வருடத்தில் அந்தக் கோட்டு அவருக்கு இவ்வளவு சேர்ந்ததில்லை.

“கேளுங்க. கோட்டைக் கழட்டாதீங்க, முதுகுல லைனிங் இல்ல. நாற்காலியில சாயாதீங்க, நுனியில உட்காருங்க. கையைத் தூக்காதீங்க. எதுக்கும் தூக்காதீங்க. கை குடுத்தா முழங்கைக்குக் கீழ மட்டும் நீட்டுங்க.”

“மரியாதைக்காரன்னு நினைச்சுக்குவாங்க.”

“நினைச்சுக்கட்டும்.”

அவர் தலையசைத்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிப் போகிறவர் மாதிரி, மெதுவாகத் தெருவில் நடந்தார். எதிரே வந்தவர்களுக்கு முன்கூட்டியே வழி விட்டார். வேகத்தைக் கூட்டவில்லை. குழாய்க் கம்பெனி அடுத்த தெருவில்தான். அவள் கையில் ஊசியோடு பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலுக்கு அந்தப் பக்கம் ஒன்பது மணி எப்போதோ தாண்டியிருந்தது. அழுக்கண்ணன் தேயிலைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து 4417-க்காகக் காத்திருப்பார். திரும்பிப் போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

தெரு முனையில் அவர் நின்றார். முழு உடம்போடும் திரும்பினார், இடுப்பை முறுக்காமல். இவ்வளவு தூரத்திலும் அவர் வலது கையைத் தூக்கப் போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கை கொஞ்சம் அசைந்தது. பிறகு இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் தன் கையைத் தூக்கி, அவருக்கும் சேர்த்து, ஆட்டினாள்.